அடி உண்டு; அத்தாட்சி இல்லை!

மயிலை, தி.நகர், அடையாறு வீடுகளில் நடக்கும் கொடுமைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கையில் சீட்டுதான் இல்லை

(நமது நகர நிருபர்)

சென்னை,

புருஷன் பெண்டாட்டியை அடித்தால் அது வீட்டு விவகாரமா, கோர்ட்டு விவகாரமா?

கோர்ட்டு விவகாரம்தான் என்று சட்டம் சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது. குடும்ப வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறியது. 2006 அக்டோபர் 26-ந் தேதி அமலுக்கு வந்தது. அதில் "பாதுகாப்பு அலுவலர்" என்று ஒரு பதவி உண்டு. அடிபட்ட பெண்ணிடம் விவரம் கேட்டு, அறிக்கை எழுதி, மாஜிஸ்திரேட்டு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டியது அவர் வேலை. அதற்குத்தான் சர்க்கார் சம்பளம்.

லஸ் முனையில் பஸ்சுக்கு நிற்கிறவர்களிடம், "பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தாசில்தாரைத் தெரியும், கவுன்சிலரைத் தெரியும், ரேஷன் கடைக்காரரைத் தெரியும். இவரைத் தெரிந்தவர்கள் அபூர்வம்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. 2025 மே 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. மாவட்டத்தில் மட்டும் அல்ல, தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்க வேண்டும். சட்டத்தைப் பற்றி ஜனங்களுக்குத் தெரியும்படி விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. அதற்குக் கொடுத்த கெடு 6 வாரம். சட்டம் அமலுக்கு வந்து 18 வருஷம் கழித்து இப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டது!

100-க்கு 38 பேர்

எத்தனை பெண்கள் அடிபடுகிறார்கள்? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, கல்யாணமான பெண்களில் 100-க்கு 38 பேர் புருஷனின் அடி-உதைக்கோ பலாத்காரத்துக்கோ ஒரு முறையாவது ஆளானவர்கள். அகில இந்திய அளவில் இது 100-க்கு 29. படிப்பு, வேலை, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற மாநிலம், இதிலும் முன்னால் நிற்கிறது.

அடிபட்டவர்கள் என்ன செய்தார்கள்? அகில இந்திய அளவில், கொடுமைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 100-க்கு 14 பேர்தான். யாரிடமும் வாயே திறக்காதவர்கள் 77 பேர்.

போலீசு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி என்று மூன்று இடத்துக்கும் அலைகிற நிருபருக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அந்த 14 பேரிலும் பாதி வழியில் தோற்றுப்போகிறவர்கள், அடி வாங்காததால் தோற்பதில்லை. அடி வாங்கியதற்குச் சீட்டு இல்லாததால் தோற்கிறார்கள்.

"வழுக்கி விழுந்தேன் டாக்டர்"

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மந்தைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெசன்ட் நகர் என்றும் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி அடி விழுந்தது. காலையில் கன்னம் வீங்கியிருக்கிறது. தெருமுனை டாக்டரிடம் போகிறாள். பக்கத்தில் மாமியார் நிற்கிறார்.

"என்னம்மா ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

டாக்டருக்கும் தெரியும், மருந்து கட்டுகிற நர்சுக்கும் தெரியும். ஆனால் சீட்டில் ஏறுவது "வழுக்கி விழுந்தது". நாலு வருஷம் கழித்து அதே பெண் சைதாப்பேட்டை கோர்ட்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி என்ன? "நாலு வருஷமா அடிச்சார்னு சொல்றீங்களே, ஒரு ஆஸ்பத்திரி சீட்டாவது இருக்கா?"

அரசு ஆஸ்பத்திரியில் காயத்தோடு வருகிறவர்களை "ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்" என்ற ஏட்டில் பதிவு செய்வார்கள். யார் அடித்தது, எதால் அடித்தது, எத்தனை மணிக்கு என்று காயம்பட்டவர் சொல்கிறபடி அதில் எழுதப்படும். இதற்குத்தான் "ஏ.ஆர். காப்பி" என்று பெயர். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொன்னால் அன்றைக்கே அது பதிவாகிவிடும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிப்படி, மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் காப்பியை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தரவேண்டும். "முதலில் போலீசுக்குப் போயிட்டு வா" என்று வைத்தியத்தை மறுக்கவும் முடியாது.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரித் தீக்காய வார்டுக்குச் செய்தி சேகரிக்கப் போனவர்களுக்கு அது தெரியும். அங்கே ஒரு காலத்தில் கேட்கிற ஒரே பதில் "ஸ்டவ் வெடிச்சிடுச்சு". ஸ்டவ் போய் கேஸ் வந்தது. பதில் மட்டும் பெரிதாக மாறவில்லை. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. செத்த பிறகு அதிகாரி வருகிறார், வாக்குமூலம் எழுதுகிறார், பக்கம் பக்கமாக அறிக்கை போகிறது. உயிரோடு இருந்தபோது எழுதப்படாத ஒரு பக்கம்தான் குறை.

அனுசரித்துப் போகச் சொல்வது ஏழை வீட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே வசதியான வீட்டுப் பெண் ஒருவர், கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் உயிரை விட்டார். 100 பவுனுக்கு மேல் நகை, விலை உயர்ந்த கார் எல்லாம் போட்ட கல்யாணம். அப்பாவுக்கு அவர் வாட்ஸ்-அப்பில் அனுப்பிய குரல் பதிவைத் தமிழ்நாடே கேட்டது. சாவுக்குப் பிறகு கிடைத்த அத்தாட்சி அது.

மொய் நோட்டு இருக்கு, சீர் பட்டியல் எங்கே?

கல்யாண மண்டபத்தில் 101 ரூபாய் மொய் வைத்தாலும் நோட்டில் பேரும் ஊரும் எழுதுகிறோம். பெண்ணுக்குப் போட்ட நகைக்கு மட்டும் யாரும் பட்டியல் எழுதுவதில்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த அன்பளிப்புகளைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-லேயே விதி வந்துவிட்டது.

இதில் என்ன லாபம்? பெண்ணின் நகை, பாத்திரம், பணம் எல்லாம் அவள் சொத்து. அதைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. "என்ன நகை? எங்க வீட்ல எதுவும் போடலையே" என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டால்? உஸ்மான் ரோட்டில் வாங்கிய நகைக்குக் கடை பில் இருந்தால் வாய் அடைபடும். பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பில்லை பீரோவில் போட்டுவிடாமல், ஒரு காப்பி எடுத்துப் பெண்ணிடம் கொடுங்கள்.

சம்பளத்தைப் பிடுங்குவது, ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொள்வது, சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவது, எல்லாமே இந்தச் சட்டப்படி வன்முறைதான். அடி மட்டும் இல்லை; தினமும் வாயால் இழிவுபடுத்துவதும் சேரும்.

போலீசு நிலையத்தில் நடப்பது என்ன?

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் போலீசு நிலையம் 1992-ல் நம் ஆயிரம்விளக்கில்தான் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் 200-க்கும் மேல் இருக்கின்றன. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று இந்த வட்டாரத்திலும் உண்டு. ஆண் போலீசிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தைப் பெண் போலீசிடம் சொல்ல முடிகிறது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உள்ளே நடப்பது பெரும்பாலும் பஞ்சாயத்து. புருஷனைக் கூப்பிடுகிறார்கள். சத்தம் போடுகிறார்கள். "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்குகிறார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பி வைக்கிறார்கள். அவன் வீட்டுக்குப் போய், "என்னையா போலீசுக்கு இழுத்தே?" என்று ஆரம்பிக்கிறான்.

போலீசார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. புகார் கொடுக்க வருகிற பெண்ணே, "கேஸ் எல்லாம் வேணாம்மா, கூப்பிட்டு மிரட்டி விடுங்க போதும்" என்கிறாள். அவன் உள்ளே போனால் வாடகை யார் கொடுப்பது, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது என்ற பயம்.

புகாரைக் கொடுத்ததும் "சி.எஸ்.ஆர்." என்ற மனு ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். சமாதானமாகப் போனாலும் ரசீது கையில் இருக்கட்டும். அடுத்த முறை கை ஓங்கினால் இது முதல் புகார் இல்லை, இரண்டாவது என்று காட்ட அந்த ஒரு சீட்டு போதும். வழக்குப் பதிவானால் எப்.ஐ.ஆர். காப்பியைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும்.

கைது மட்டுமே வழி இல்லை

புருஷன் வீட்டுக் கொடுமைக்கு 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு வந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85-வது பிரிவு. மூன்று வருஷம் வரை ஜெயில். ஆனால் புகார் வந்ததும் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, அவசியத்தை எழுதிக் காட்ட வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு விதித்தது. குடும்பத்தில் உள்ள கிழவி முதல் குழந்தை வரை எல்லோர் பேரையும் சேர்த்துப் புகார் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் காரணம்.

அப்படிப்பட்ட புகார்களும் வருகின்றன. இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கும் மருந்து அதே சீட்டுதான். சம்பவம் நடந்த அன்றே ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் எழுதப்பட்டது இருந்தால் உண்மை எது, பிறகு சேர்த்த கதை எது என்று நீதிபதிக்குத் தெரியும். நிரபராதியான மாமியாருக்கும் அது நல்லது.

கைது வழி குறுகிவிட்டதால், 2005-ம் வருஷத்துச் சட்டம்தான் இன்று பெண்ணுக்குக் கைகொடுக்கிற பெரிய கதவு. அதில் ஜெயில் முதலில் வருவதில்லை. பாதுகாப்பு முதலில் வருகிறது. அவளை அடிக்காதே, ஆபீசுக்குப் போய்த் தொல்லை செய்யாதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குப் பணம் கொடு, பிள்ளையை அவளிடம் விடு என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவு போடலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஜெயில்: ஒரு வருஷம் வரை, அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"இது எங்க அப்பா பேர்ல இருக்கிற வீடு, வெளியே போ" என்பது பழைய மிரட்டல். குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார் பேரில் இருந்தாலும், அங்கே இருக்க மருமகள் உரிமை கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மயிலை மாடவீதிப் பக்கம் பழைய வீட்டை பிளாட் கட்டக் கொடுக்கச் சொல்லி வயதான தாயை மகன் அடித்தால், அந்தத் தாயும் இதே சட்டத்தில் மனு போடலாம். பெண்டாட்டிக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை இது.

அம்மா வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ வந்து தங்கியிருந்தால், அந்த வட்டாரக் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. மாதங்கள் வருஷங்கள் ஆகின்றன. அதனால்தான் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்பது முக்கியம். அதற்கு அன்றைய சீட்டு முக்கியம்.

ஊர் சிரிக்குமே?

77 பேர் வாய் திறக்காததற்கு இந்தப் பயம் பெரிய காரணம். அந்தப் பயத்துக்கு அர்த்தம் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் கொடுமைக்கு ஆளானார். அது வெளி ஆள் செய்த குற்றம். ஆனால் புகார் கொடுத்த பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம். அவர் துணிந்து கோட்டூர்புரம் அனைத்து மகளிர் போலீசில் புகார் கொடுத்தார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு எப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. ஐகோர்ட்டு கண்டித்து, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட தனிப்படை அமைத்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. 2025 ஜூன் 2-ந் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. குறைந்தது 30 வருஷம் ஜெயிலிலேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு.

புகாருக்கும் தண்டனைக்கும் நடுவே ஐந்து மாதம் சொச்சம். மனசு வைத்தால் முடியும் என்பது தெரிகிறது. ரகசியம் காக்காவிட்டால் அடுத்த பெண் படி ஏற மாட்டாள் என்பதும் தெரிகிறது. குடும்ப வன்முறை வழக்கை மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்க இரண்டு தரப்புக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வக்கீலிடம் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரே, உங்களுக்குத்தான்!

2016 ஜூன் 24. நுங்கம்பாக்கம் ரெயில் நிலையம். காலை நேரம், பிளாட்பாரத்தில் ஜனம். எல்லோர் கண் முன்னாலும் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவன் தப்பி ஓடினான். அன்றைக்கு ஊரே கேட்டது: "நின்னு பார்த்துட்டு இருந்தவங்க என்ன பண்ணாங்க?"

பிளாட்பாரத்தில் நடந்தது ஒரு நாள் நிகழ்ச்சி. பிளாட்டில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் நடப்பது தினசரி நிகழ்ச்சி. சுவர் வழியாக அலறல் கேட்கிறது. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம். "நமக்கெதுக்கு வம்பு? நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துப்பாங்க, நாம கோர்ட்டுக்கு அலையணும்" என்கிறோம்.

அந்தப் பயம் தேவை இல்லை. வன்முறை நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. இது சட்டத்தின் 4-வது பிரிவு. பால் போடுகிறவர், இஸ்திரிக் கடைக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், வீட்டு வேலை செய்கிற அம்மா, எல்லோருக்கும் இது பொருந்தும்.

கதவைத் தட்டி, "கொஞ்சம் சர்க்கரை இருக்குமாக்கா?" என்று கேட்டாலே பல சமயம் ஓங்கிய கை இறங்கும். அதையாவது செய்யலாம்.

சாராயத்தின் மேல் பழி போடுவதும் வழக்கம். டாஸ்மாக் மூடுகிற ராத்திரி 10 மணிக்குப் பிறகுதான் பல தெருக்களில் சத்தம் ஆரம்பிக்கிறது, நிஜம்தான். ஆனால் அதே ஆள் போதையில் தன் முதலாளியை அடிப்பதில்லை, போலீசுக்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து அடிக்கிறான். கேட்பார் இல்லை என்ற தைரியம் பாட்டிலில் இருந்து வந்தது இல்லை.

எங்கே போவது?

181: பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கியது. அப்போதே ஆபத்து என்றால் 100 அல்லது 112. பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையைச் சேர்ந்தவர். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கலாம். மயிலாப்பூரில் இருந்தோ அடையாறில் இருந்தோ பாரிமுனைப் பக்கம் போக, சாதாரண கட்டண பஸ்சில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்பது 1987-ம் வருஷத்துச் சட்டம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

இதெல்லாம் கிடைத்தும் ஒரு கேள்வி நிற்கிறது. ராத்திரி எங்கே படுப்பது? தேவதாசி முறையில் இருந்து தப்பி வந்த சிறுமிகளுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அது இன்றும் அடையாறில் இருக்கிறது. கதவு தட்டியவர்களுக்கு இடம் கொடுத்த வட்டாரம் இது. இன்றோ, பிள்ளையோடு தனியாக வருகிற பெண்ணிடம் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்காத ஹவுஸ் ஓனர் குறைவு. அட்வான்ஸ் வேறு 10 மாத வாடகை கேட்கிறார்கள். வீடு கிடைக்காமல்தான் பலபேர் அடிக்கிற வீட்டுக்கே திரும்பிப் போகிறார்கள். வீடு வைத்திருக்கிற வாசகர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அதிகாரிகளுக்குச் செலவில்லாத வேலை மூன்று இருக்கிறது. ஒன்று: ஒவ்வொரு மகளிர் போலீசு நிலையம், அரசு ஆஸ்பத்திரி, ரேஷன் கடை வாசலிலும் பாதுகாப்பு அலுவலரின் பெயர், போன் நம்பர் எழுதிய போர்டு வைக்க வேண்டும். இரண்டு: சமாதானமாகப் போனாலும் புகாருக்கு ரசீது கொடுக்காமல் எந்தப் பெண்ணையும் நிலையத்தில் இருந்து அனுப்பக் கூடாது. மூன்று: ஆஸ்பத்திரியில் காயத்தோடு வருகிற பெண்ணைக் கூட வந்தவர் இல்லாமல் தனியாக ஒரு நிமிஷம் விசாரிக்க வேண்டும்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் "வழுக்கி விழுந்தேன்" என்ற பதில் மாறும். மாறினால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும்; காப்பியை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.